பூனைக்குப் பாடிய கையறுநிலை

பாக்தாது நகரில் இப்னு அல்லாஃப் என்றோர் அரபுப் புலவர் வாழ்ந்தார். கண்பார்வை இழந்தவர், நெடுநாள் வாழ்ந்து, கி.பி. 930ஆம் ஆண்டையொட்டி மறைந்தவர். அவர் வீட்டுப் பூனை அண்டை வீட்டாரின் புறாக்கூடுகளில் புகுந்து குஞ்சுகளைத் தின்னப் பழகிற்று. அண்டை வீட்டார் சிலநாள் பொறுத்திருந்து, பின்னர் அதனைப் பிடித்துக் கொன்றுவிட்டனர். புலவர் அப்பூனையைப் பெற்ற பிள்ளையாகவே எண்ணி, நீண்டதோர் இரங்கற்பாப் பாடினார்.

பாட்டைக் கேட்டவர்கள் அதனைப் பூனைப் பாட்டாக விட்டுவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சான்றோர் வரலாறுகளைத் தொகுத்த இப்னு கல்லிக்கான், அப்பாட்டைப் பற்றி வழங்கிய கருத்துகளைக் குறித்து வைத்திருக்கிறார். 908ஆம் ஆண்டில் ஒரே நாள் கலீபாவாக இருந்து கொலையுண்ட புலவர் இப்னுல் முஃதஸுக்காகப் பாடப்பட்டது அது. ஆட்சியிலிருந்த கலீபாவுக்கு அஞ்சிப் பூனையின் பெயரால் பாடினார் என்பர் சிலர். இல்லை, அமைச்சர் ஒருவரின் மகனுக்காகப் பாடப்பட்டது என்பர் வேறு சிலர். காதல் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட ஓர் அடிமை இளைஞனுக்காக என்பது மற்றொரு கருத்து. இவற்றுள் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மூன்றுக்கும் அடியில் கிடக்கும் எண்ணம் ஒன்றே. ஒரு பூனைக்காக ஒரு புலவர் இத்துணைக் கண்ணீர் விடமாட்டார் என்பதுதான் அது.

இந்த ஐயம் அரபு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பூனையின் சாவைப் பாடப் புகுந்த புலவர் எவரும் முதலில் எதிர்கொள்ள வேண்டியது நாணம். ஊர் சிரிக்குமோ என்னும் அந்த நாணத்தை ஒருவர் எப்படிக் கடந்தார், அல்லது கடக்காமல் எங்கே ஒளிந்துகொண்டார் என்பதை வைத்தே இத்தகைய பாடல்களை மதிப்பிட வேண்டும்.

நம் நூல்களின் நெறியைக் கொண்டு பார்த்தாலும் இந்த இடர்ப்பாடு விளங்கும். அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களை வகுத்தார்; அவற்றுள் ஒன்று இழவு. சுற்றத்தாரை இழத்தலும் இன்பம் தருவனவற்றை இழத்தலும் அதனுள் அடங்கும் என்பது பேராசிரியர் உரையின் கருத்து. அப்படியானால் வளர்த்த பூனை எதில் சேரும்? சுற்றம் என்றால் அயலார் நகைப்பர். உடைமை என்றால் வளர்த்தவர் உள்ளம் ஒப்பாது. இரண்டுக்கும் நடுவே திண்ணையில் படுத்திருக்கும் உயிர் அது. அது மறைந்தால் எந்தச் சொல்லால் அழுவது என்பதே புலவரின் சிக்கல்.

தமிழில் பூனைக்குப் பஞ்சமில்லை. வெருகினைப் பூசை என்றும் வழங்கலாம் என்று மரபியல் இலக்கணமே இடம் தருகிறது. துயில் எழுப்பிய சேவல் மீது சினந்த குறுந்தொகைத் தலைவி, அது காட்டுப்பூனைக் குட்டிக்கு இரையாகட்டும் என்கிறாள். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைக் கூறிக்கொண்டு அவையடக்கம் பாடினார் கம்பர். பாரதியார் தம் 'முரசு' பாட்டில் பல நிறக் குட்டிகளைக் காட்டி மனிதருள் வேற்றுமை இல்லை என்று பாடினார். எல்லாம் சிறப்புடையனவே. ஆயினும் இவ்விடங்களில் பூனை வேறொன்றைச் சொல்ல வந்த துணையேயன்றித் தனக்கென வந்ததன்று.

செல்லமாக வளர்ந்த உயிரின் சாவு நம் காப்பியத்தில் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில், பிள்ளைக்குக் காவலாக நின்று பாம்பைக் கொன்ற கீரியை, அதன் வாய்க்குருதியைக் கண்டு பிழையாக உணர்ந்து பார்ப்பனி கொன்றுவிடுகிறாள். கணவன் அவளைப் பிரிந்து செல்கிறான். கோவலன் அவளுடைய பாவம் நீங்கப் பொருள் உதவுகிறான். கதை முழுவதும் பாவமும் கழுவாயும் கோவலனின் வள்ளன்மையுமே பேசப்படுகின்றன. கீரிக்காக ஒருவரும் அழவில்லை. அதனைத் தாயாக நின்று வளர்த்தவளின் துயரம் எப்படியிருந்தது என்று இளங்கோவடிகள் கூறாமற் போனது காப்பியத்தின் போக்குக்குப் பொருந்தும். ஆனால் அவ்விடத்தில் ஒரு வெற்றிடம் இருப்பது உண்மை.

பள்ளிகளிலும் இதே வெற்றிடம்தான். வீட்டுப் பூனையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நான்கு கால், இரண்டு காது, ஒரு வால், விருப்ப உணவு பால் என்று உறுப்புக் கணக்கோடு ஏடு நிறைந்துவிடும். அந்தப் பூனை செத்த அன்று பிள்ளை கண்டது ஏட்டில் ஏறுவதில்லை. ஏறினால், "இது கட்டுரைக்குரிய பொருளா?" என்று சிவப்பு மை கேட்கும்.

ஆங்கிலத்தில் பூனையின் சாவைப் பற்றிய பாடல் என்றதும் எல்லாரும் சுட்டுவது தாமஸ் கிரே பாடியதையே. அவருடைய நண்பர் ஹோரஸ் வால்போலின் வீட்டில், பொன்மீன்கள் நீந்திய பெரிய பீங்கான் தொட்டியில் செலிமா என்னும் பூனை விழுந்து இறந்தது. நண்பருக்காக 1747ஆம் ஆண்டில் கிரே எழுதிய பாடல் அடுத்த ஆண்டே அச்சேறியது. வால்போல் பிற்காலத்தில் அந்தத் தொட்டியைத் தம் மாளிகையில் பீடத்தின் மேல் நிறுத்தி, பாட்டின் முதற்பகுதியை அதில் பொறித்து வைத்தார்.

பாட்டின் அழகில் குறை சொல்ல முடியாது. தொட்டியின் விளிம்பில் பூனை சாய்ந்திருக்கிறது. நீரில் தன் உருவைக் கண்டு தானே மகிழ்கிறது. இரு மீன்கள் ஒளி வீசி நீந்த, முதலில் மீசையையும் பின்னர் நகத்தையும் நீட்டி, வழுக்கி விழுகிறது. எட்டு முறை மேலெழுந்து உதவி நாடுகிறது. பூனைக்கு ஒன்பது உயிர் என்பது ஆங்கிலேயர் வழக்கு. அதனை நினைந்தால் அந்த எண்ணின் குறும்பு புரியும். கடல் தெய்வங்கள் எவையும் வரவில்லை, வேலையாட்களும் கேட்கவில்லை. முடிவில் புலவர் அழகிய மங்கையரை விளித்து, கண்ணைப் பறிப்பதையெல்லாம் நாடாதீர்கள் என்று அறிவுரை வழங்கிவிட்டு விடைபெறுகிறார்.

இறந்தது யார் என்பதை அந்த அறிவுரையில் எல்லாரும் மறந்துவிடுகின்றனர். பூனையைப் பெண்ணாக்கி, பெண்ணைப் பாடமாக்கி, பாடத்தை நகையாக்கி, மூன்று திரைக்குப் பின்னால் கிரே நிற்கிறார். ஊர் பேர் அறியாத சிற்றூர் மாந்தரின் கல்லறைகளைக் கண்டு உருகிப் பாடி 1751இல் பெரும்புகழ் பெற்றவரும் இதே புலவர்தான் என்பது வியப்பு. இறந்தது தம் பூனையன்று, நண்பரின் பூனை என்று அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இரவல் துயரத்துக்கு நகைச்சுவை நல்ல போர்வை.

டாக்டர் ஜான்சன் இப்பாட்டை விரும்பவில்லை. பூனையை நங்கை என்று அழைப்பது மொழிக்கும் பொருளுக்கும் செய்யும் வன்முறை என்று தம் புலவர் வரலாற்று நூலில் கண்டித்தார். மின்னியது பொன்னாகவே இருந்திருந்தால் பூனை தண்ணீரில் இறங்கியே இராது என்றும் கேட்டார். இது வறட்டுத் தருக்கம் என்பர் சிலர். ஆயின் ஜான்சன் பூனை வளர்த்தவர் என்பதை மறக்கலாகாது. ஹாட்ஜ் என்னும் தம் பூனைக்குச் சிப்பி வாங்கத் தாமே கடைத்தெருவுக்குப் போவாராம். வேலைக்காரரை அனுப்பினால் அவர்கள் அந்த வாயில்லா உயிரை வெறுக்கத் தொடங்குவர் என்று அஞ்சினார் என பாஸ்வெல் எழுதுகிறார். கிரேயின் பாட்டிலும் இதற்கு ஒத்த ஓரிடம் இருக்கிறது. வேலையாட்கள் ஏன் வரவில்லை? எசமானரின் செல்லத்துக்கு வீட்டில் வேறு நட்பு இல்லை என்று புலவர் சட்டென்று சொல்லிப் போகிறார். பாட்டு முழுவதிலும் நகை விலகி உண்மை எட்டிப்பார்ப்பது அங்கு மட்டுமே. அந்த இடத்தில் இன்னும் சற்று நின்றிருந்தால் பாட்டு வேறாகியிருக்கும்.

கிரேக்கு ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன்பே, சீனத்தில் ஒரு புலவர் போர்வை எதுவும் இல்லாமல் இப்பொருளைப் பாடிவிட்டார். அவர் சோங் பேரரசு காலத்து மேய் யாவ்சென் (1002–1060). பகட்டில்லாத எளிய நடைக்குப் பெயர் பெற்றவர். 1044ஆம் ஆண்டில் மனைவியை இழந்து, அவ்வாண்டிலேயே ஒரு மகனையும் இழந்தவர்; அவ்விழப்புகளுக்கு அவர் பாடியவை சீனத்து இரங்கற்பாக்களுள் தலைசிறந்தவற்றோடு வைத்து எண்ணப்படுகின்றன. பெருந்துயரம் இன்னதென்று அறியாத சிறுவன் பூனைக்கு அழுத கதையன்று இது.

பூனையின் பெயர் 'ஐந்து வெள்ளை' என்று பொருள்படும். புலவர் படகில் பயணம் செய்யும்போது அது இறந்தது. பாட்டின் தொடக்கத்திலேயே அவர் சொல்வது ஒரு கணக்கு: இந்தப் பூனை வந்தபின் எலிகள் தம் ஏடுகளைத் தீண்டவில்லை. இன்று காலை அது இறந்தது. சோறும் மீனும் படைத்து, ஆற்றின் நடுவே விட்டு, மந்திரம் ஓதி அனுப்பினார். பின்னர் ஒரு பழைய காட்சி நினைவுக்கு வருகிறது. ஒருநாள் அது ஓர் எலியைப் பிடித்து, வாயில் கவ்வியபடியே கத்திக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தது. மற்ற எலிகளை அச்சுறுத்தி வீட்டைத் தூய்மையாக்கும் எண்ணம் அதற்கு என்று புலவர் கருதுகிறார். படகில் ஏறியது முதல் இருவரும் ஓரறையில் வாழ்ந்தனர். கையிலிருந்த உலர்ந்த உணவு சிறிதேயாயினும், எலி தின்று மிஞ்சியதை உண்ணும் இழிவு நேரவில்லை. அது பூனையின் உழைப்பு. கோழியும் பன்றியும் அவ்வுழைப்புக்கு ஈடாகா. உலகத்தாரோ ஏறிச் செல்லவும் வண்டியிழுக்கவும் உதவும் குதிரையையும் கழுதையையுமே மேலாக மதிப்பர். அதனை இனி வாதிட்டுப் பயனில்லை என்று நிறுத்தி, பூனைக்காகச் சிறிது விம்முவதோடு பாட்டு முடிகிறது.

இப்பாட்டின் நயம் எங்கே இருக்கிறது? பூனையின் அழகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கண், வால், மயிர், நடை எதுவும் வரவில்லை. அது செய்த வேலை மட்டுமே வருகிறது. படிப்பவர்க்கு இது முதலில் வறட்சியாகத் தோன்றக்கூடும். எலி பிடித்த கணக்கைச் சொல்வதா அன்பு என்று கேட்கத் தோன்றும். புறநானூற்றைப் பயின்றவர் அப்படிக் கேட்கமாட்டார். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையில் மன்னனின் தோளழகா முதலில் வருகிறது? கள் சிறிதளவே கிடைத்தால் என்ன செய்தான், மிகுதியாகக் கிடைத்தால் என்ன செய்தான், சோற்றை எவ்வாறு பகிர்ந்தான் என்பதே முதலில் வருகிறது. பகிர்ந்த கை இனி இல்லை என்பதில் துயரம் தானாக எழுகிறது. சீனப் புலவரின் படகிலும் அதே நிலைதான்: ஓரறை, குறைந்த உணவு, அதனைக் காத்த ஓர் உயிர். இரண்டு நாட்டுப் புலவர்களும் ஒருவரையொருவர் அறியாதவர்கள், காலமும் வேறு. ஆயினும் இழந்ததை அளப்பதற்கு இருவரும் எடுத்த படி ஒன்றே.

குதிரையையும் கழுதையையும் பற்றிய பேச்சு ஏன் வந்தது என்பதும் நோக்கத்தக்கது. ஊர் நகைக்கும் என்பது அவருக்கும் தெரியும். நகைப்பவரோடு வழக்காடத் தொடங்குகிறார். இரண்டு அடிகளில் வழக்கைக் கைவிடுகிறார். நாணத்தை மறைக்காமல் பாட்டுக்குள்ளேயே கொண்டுவந்து, அதன் எதிரில் நின்று அழுதுவிடுகிறார். அவ்வழுகையும் அளவோடு இருப்பதால்தான் நம்பத்தக்கதாக இருக்கிறது. மனைவிக்கு அழுத அளவு பூனைக்கு அழவில்லை; அழாமலும் இருக்கவில்லை. இந்த அளவறிதலை மேய் யாவ்சென்னைப் போல் பெற்றவர் அரியர்.

இங்கிலாந்தில் தாமஸ் ஹார்டி பாடியது வேறு வகை. அவருடைய வெள்ளைப் பூனை 1904ஆம் ஆண்டில் வீட்டுக்கு அண்மையிலிருந்த இருப்புப்பாதையில் அடிபட்டு இறந்தது. அவ்வாண்டு தேதியிட்ட பாடல் 1922இல்தான் நூலில் வெளிவந்தது. இனி எந்தப் பிராணியும் வளர்ப்பதில்லை என்று சினந்து, அதன் அடையாளங்களையெல்லாம் அழித்துவிடச் சொல்கிறார். நாற்காலியில் ஒட்டிய மயிரைத் துடையுங்கள். புதர்களுக்கிடையே அது நடந்து உண்டாக்கிய சிறு தடங்களைக் கலையுங்கள். பைன் மரப்பட்டையில் அது கீறிய நகக்குறிகளைத் தேய்த்துவிடுங்கள்.

அழிக்கச் சொல்லும் ஒவ்வொன்றையும் பாட்டில் எழுதி வைத்துவிட்டார் என்பதே இங்கு நயம். மரப்பட்டையின் கீறல் இன்று இராது, பாட்டில் இருக்கிறது. ஒல்லையூரில் சாத்தன் இறந்தபின், சூட வேண்டியவர் இல்லாத ஊரில் ஏன் பூத்தாய் என்று முல்லைக் கொடியை வினவினார் குடவாயிற் கீரத்தனார். அவர் எஞ்சி நிற்கும் பொருளோடு பேசினார். ஹார்டி எஞ்சி நிற்கும் பொருளை அகற்ற முயன்று தோற்கிறார். பாட்டின் நடுப்பகுதி மட்டும் சற்றுச் சுமையாக இருக்கிறது. நம் கருணையை நம்பி உண்டு வாழ்ந்த அற்ப உயிர், இறந்ததும் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட பேருருவாகத் தோன்றுவது எங்ஙனம் என்று தத்துவம் பேசத் தொடங்குகிறார். கருத்து ஆழமானதே. எனினும் அவ்விடத்தில் பூனை மங்கிச் சாவு மட்டும் தெரிகிறது. நல்வேளையாகக் கடைசியில் சன்னலுக்கே திரும்பிவிடுகிறார். அது தாவி ஏறும் சன்னற்கட்டையும், அதற்கு அப்பால் மரத்தடியில் ஒரு சிறு மண்மேடும் தெரிகின்றன.

இத்துறையில் உரைநடை செய்யக்கூடியதைக் காட்டியவர் ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகி. 1905, 1906ஆம் ஆண்டுகளில் வெளிவந்து அவருக்குப் பெரும்புகழ் தந்த 'நான் ஒரு பூனை' என்னும் நாவலுக்குத் தூண்டுதலாயிருந்தது அவர் வீட்டுக்குத் தானாக வந்து சேர்ந்த ஒரு பூனை. நாவலின் பூனை மது குடித்து நீர்ச்சாடியில் விழுந்து இறக்கிறது. வீட்டுப் பூனை 1908 செப்டம்பர் 13ஆம் நாள் இறந்தது. கறுப்புக் கரையிட்ட அஞ்சலட்டைகளில் அவர் மாணாக்கர்களுக்கு அச்செய்தியை அறிவித்தார். அதை வேடிக்கை என்று எண்ணியவர்கள், 1909இல் அவர் எழுதிய 'பூனையின் கல்லறை' என்னும் சிறு கட்டுரையைப் படிக்க வேண்டும்.

அக்கட்டுரையில் புகழ்பெற்ற பூனை இல்லை. நோயுற்ற ஒரு பூனைதான் இருக்கிறது. நாளுக்கு நாள் மெலிகிறது. தாழ்வாரத்தில் அசையாமல் கிடக்கிறது. விருந்தினர் மெத்தையில் வாந்தியெடுக்கிறது. வீட்டார்க்கு அது தொல்லையாகவே படுகிறது. மருந்து கொடுக்கலாமே என்கிறார் இவர்; வாயைத் திறக்க மறுக்கிறது என்கிறார் மனைவி; பேச்சு அதோடு முடிகிறது. ஓரிரவு அது உறுமும் ஓசையை இவர் கேட்கிறார். எழுந்து சென்று பார்க்கவில்லை. பின்னர் விறகு எடுக்கப் போன வேலைக்காரப் பெண், பழைய அடுப்பின் மேல் அது இறந்து கிடப்பதைக் காண்கிறாள். கழிவிரக்கச் சொல் ஒன்றும் இல்லை. கவனிக்கத் தவறியது எது என்பதை மட்டும் வரிசையாக எழுதிச் செல்கிறார். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு படிப்பவரிடம் வந்துவிடுகிறது.

இறந்தபின் வீடே மாறுகிறது. இதுவரை பாராமுகமாக இருந்த மனைவி பரபரப்படைந்து, கல்லறைக்கட்டை வாங்கிவரச் செய்து, எழுதித் தருமாறு கணவரைக் கேட்கிறார். பிள்ளைகள் இரு கண்ணாடிப் புட்டிகளில் பூக்களைச் செருகிக் கட்டையின் இரு பக்கமும் வைக்கின்றனர். மூன்றாம் நாள் மாலை, நான்கு வயதுப் பெண் குழந்தை தனியே அங்கு வந்து சிறிது நேரம் கட்டையைப் பார்த்து நிற்கிறது. பிறகு கையிலிருந்த விளையாட்டு அகப்பையால், பூனைக்குப் படைத்திருந்த தண்ணீரை முகந்து குடிக்கிறது, ஒருமுறையன்று, பலமுறை. சோசெகி அதற்கு விளக்கம் எழுதவில்லை. துயரமா, விளையாட்டா, தாகமா என்று வகைப்படுத்த முற்படும் ஆசிரியர் அந்த இடத்தில் வாய் திறவாமலிருப்பதே நலம்.

கட்டுரையின் இறுதிப் பகுதிதான் துணிவு மிகுந்தது. மாதந்தோறும் பூனை இறந்த நாளில் ஒரு துண்டு சால்மன் மீனும், மீன்சீவல் தூவிய ஒரு கிண்ணம் சோறும் அதன் கல்லறைக்குப் படைக்கப்படுகின்றன. இதுவரை மறந்ததில்லை என்கிறார். ஆனால் இப்போதெல்லாம் தோட்டம் வரை கொண்டுபோவதில்லையாம்; பெரும்பாலும் உள்ளறையிலுள்ள இழுப்பறைப் பெட்டியின் மேலேயே வைத்துவிடுகிறார்களாம்.